சூறையின் கயிறு தளரும் வரை

நலம் பெருகுக, நெல் பெருகுக. ஏழு ஏரிகளை உடையவரும், நீரகநாட்டை ஒரு கையால் ஆண்டு மறு கையால் பிள்ளைகளை வளர்த்தவரும், கரட்டுநாட்டாரோடு நாற்பது ஆண்டு சண்டையின்றி இருந்தவரும், இன்று மாலைக்கு மேல் அப்படி இருக்கமாட்டேன் என்று எழுதி அனுப்பியவருமான அரசி ஆம்பல் நங்கையார் திருமுன்பு: மூன்று போர் கண்டவரும், அவற்றுள் இரண்டில் வென்றவரும், எழுத்து அறியாதவரும், ஆதலால் எழுதிய ஓலையை ஒருவரையொருவர் அறியாத இருவரிடம் தனித்தனியே வாசிக்கக் கொடுத்து இரண்டும் ஒத்துப்போன பின்பே முத்திரை இடுபவருமான கரட்டுநாட்டுக் கோன் கொடுந்தோளன், தங்கள் அரண்மனை மடைப்பள்ளியின் தென்கிழக்கு மூலையில், உப்புச்சாடிக்கும் அம்மிக்கும் நடுவே, கையில் நாய்க்கயிற்றோடு நின்றருளி விடுக்கும் ஓலை.

நங்கையார் முன்மண்டபத்தில் இருக்கிறீர்கள்; நடுவில் இருப்பது ஒரு முற்றம். இதற்கு ஓலை எதற்கு என்று தோன்றும். கோன் முதலில் ஆளைத்தான் அனுப்பினார். மடைப்பள்ளி இப்போது அயல்நாட்டு மண்ணாகிவிட்டது, அழைப்பு இல்லாமல் அயல்நாட்டில் கால் வைக்கும் வழக்கம் எங்கள் குலத்தில் இல்லை என்று தாங்கள் மறுமொழி சொன்னதாக அந்த ஆள் வந்து சொன்னான். நியாயந்தான். கோனும் அங்கே வர முடியாது. கயிறு விறைத்திருக்கிறது. விறைத்த கயிற்றோடு ஓர் அடி எடுத்து வைத்தாலும் பன்னிரண்டு நாள் பாடு மண்ணாய்ப் போய்விடும். அது என்ன பாடு என்பதைத் தாங்கள் அறியவேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிடி யானை எல்லையை வலம் வருவதும், அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவதும், அந்தத் தடத்துக்கு உள்ளே இருப்பது கோனுடையதாவதும் இரு நாட்டுக்கும் பழைய வழக்கம். கரட்டுநாட்டுப் பிடி சென்ற மழைக்காலத்தில் இறந்தது. பிடி இல்லாதபோது அரண்மனைச் சோறு உண்ணும் பெண்விலங்கு எதுவாயினும் ஆகலாம், கோன் தம் கையால் கயிறு பிடிக்கவேண்டும் என்று பழைய பட்டயத்தில் இருப்பதாக அமைச்சர் இன்சொல்லார் வாசித்துச் சொன்னார். அரண்மனைச் சோறு உண்ணும் பெண்விலங்குகள் இரண்டு. பூனை கயிற்றைக் கண்டதும் கூரைமேல் ஏறிவிட்டது. மிஞ்சியது வேட்டைநாய் சூறை.

அதன் பிறகு நடந்ததைத் தாங்கள் சாளரத்திலிருந்தே கண்டீர்கள். வழியைச் சீர் செய்கிறேன் என்று அமைச்சர் முன்னே போனார். சூறை இழுத்தது. கோன் தம் எடை முழுவதையும் பின்னுக்குச் சாய்த்தார். அது இன்னும் இழுத்தது. ஆற்றுத்துறை, தங்கள் யானைக்கொட்டில், தங்கள் நந்தவனம் என்று போய், இந்த மடைப்பள்ளியை உள்ளும் புறமும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பியது. பின்னால் வந்த கல்நடுவோர் விசுவாசமானவர்கள்; மூளையைக் கேட்டுக் கை வேலை செய்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. தடம் போன இடமெல்லாம் நட்டார்கள். ஆக அறுபத்துமூன்று கல் தங்கள் நாட்டுக்குள் நிற்கிறது. தங்கள் அம்மியில் குழவி ஒரு நாட்டிலும் கல் ஒரு நாட்டிலும் ஆயிற்று. உப்பெடுக்க வரும் பெண்களிடம் ஊரும் பேரும் கேட்க அமைச்சர் ஒரு காவலனையும் நிறுத்தினார். அது கோனுக்குத் தெரியாமல் நடந்தது.

எல்லை மீறிய விலங்கை முழுநிலா நாளன்று பொழுது சாய்வதற்குள் கட்டி அனுப்புக, இல்லையேல் முரசு அறையப்படும் என்று தங்கள் ஓலை வந்தது. இருவர் வாசித்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின. முரசைக் கேட்டு அஞ்சும் வயது கோனுக்குப் போய்விட்டது. ஆனால் நாயைத் தரமாட்டார். அரண்மனையில் அவரிடம் பொய் சொல்லாத வாய் அது ஒன்றுதான். அமைச்சரோ, நாயையும் தரவேண்டாம், நிலத்தையும் தரவேண்டாம், கயிற்றை இன்னும் நீளமாக விட்டால் அடுத்த வலத்தில் நெற்களஞ்சியமும் நம்முடையதாகும், சூறைக்குப் படைத்தலைமை கொடுத்து நெற்றிப்பட்டம் கட்டலாம் என்று தேன் ஒழுகச் சொன்னார். தேன் ஒழுகினால் கோன் எறும்பைத் தேடுவார். அன்று தேடியும் கிடைக்கவில்லை.

தவறி நட்ட கல்லை அதே விலங்கு, அதே கையோடு, தளர்ந்த கயிற்றோடு கடந்து போனால் அந்தக் கல் செல்லாது, பிடுங்கிவிடலாம். இதுவும் வழக்கத்தில் உண்டு. சிக்கல் எல்லாம் அந்தத் தளர்ந்த கயிற்றில்தான்.

காடை பிடிக்கும் கொற்றி என்பவள் ஐந்து நாய்களை ஐந்து நூலில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவள். அவளை அழைத்து வந்தார்கள். கோன் சூறையோடு பத்தடி நடந்து காட்டினார். பார்த்துவிட்டு அவள், நீரும் இழுக்கிறீர், அதுவும் இழுக்கிறது, இதென்ன தேர்வடமா என்று கேட்டாள். அவையோர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கயிறு விறைத்தால் மரம்போல் நில்லும், திட்டாதீர், இழுக்காதீர், அதுவாகத் திரும்பிப் பார்த்துக் கயிற்றைத் தளர்த்தினால் நடந்து போம், ஒரே ஒரு தடவை இழுத்த பக்கம் போய்விட்டீர் என்றால் பிறகு ஆயுசுக்கும் அது உம்மை மேய்க்கும் என்றாள். இதற்கு எத்தனை நாள் என்று கோன் கேட்க, நாய்க்கு மூன்று நாள், உமக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக் காடைக்கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோன் நின்றால் குடை நிற்கவேண்டும், சாமரம் நிற்கவேண்டும், சங்கு ஊதவேண்டும், உடன் வரும் நாற்பது பேரும் தரையில் விழுந்து எழவேண்டும். முதல் நாள் அரண்மனை வாயிலிலிருந்து குதிரைத்தொட்டி வரை பதின்மூன்று அடி நடந்தார்கள். நாற்பத்தாறு முறை சங்கு ஊதிற்று. விழுந்து எழுந்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் படுக்கையிலேயே வணங்கினார்கள். தங்கள் எல்லைக்காவலர் அந்தச் சங்கை எண்ணிப் பெரும்படை என்று குன்றின்மேல் புகை எழுப்பியதாகக் கேள்வி. அது கோன் நின்ற சங்கு, போர்ச்சங்கு அன்று. நான்காம் நாள் சூறை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது. ஒன்பதாம் நாள் இறைச்சிக்கடையைத் தாண்டிப் போயிற்று. கோனுக்குத்தான் பதினோரு நாள் பிடித்தது. எதையும் இறுக்கிப் பிடித்தே பழகிய கை அது. தளர்த்தினால் ஓடிவிடும் என்றே முப்பது ஆண்டு அரசாண்டவர். அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இன்று விடியலில் தொடங்கி நாற்பத்தொரு கல்லைக் கடந்தாயிற்று. துறையில் கயிறு மாலைபோல் தொங்கிற்று; தங்கள் யானைப்பாகரே வியந்தார்கள். மடைப்பள்ளிக்குள் நுழைகிறோம் என்று பெண்களுக்குச் சொல்லிவர அமைச்சர் முன்னே போனார். நாற்பத்திரண்டாம் கல், அம்மிக்கு அருகே. அங்கே சூறை மேற்கே பார்த்து இழுத்தது, கோன் நின்றார். நான்கு நாழிகையாக நிற்கிறார். பொழுது சாய இன்னும் எட்டு நாழிகை. அதற்குள் மிச்சக் கற்களைக் கடக்காவிட்டால் மடைப்பள்ளி கோனுடையதாகவே நிற்கும், தங்கள் முரசும் ஒலிக்கும், நாயின் கதையும் முடியும்.

உள்ளே சங்கு ஊதியதில் இரண்டு பானை உருண்டது. அதற்குக் கோன் வருந்துகிறார். ஐயா, அடுப்பை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றாள் கீரை ஆய்கிற ஒருத்தி. நாட்டையே மறைத்துக்கொண்டவர் அடுப்பை மறைக்கமாட்டாரா என்றாள் மற்றவள்.

இனி உள்ளபடி சொல்வது: மேற்கே இருப்பது தங்கள் அடுப்பு. அடுப்பில் தங்கள் தலைமைச் சமையற்காரன் ஆதன் வரால்மீன் வறுக்கிறான். கோன் வரும் நாள் பார்த்து, வரும் வேளை பார்த்து, நெய்யில் வறுக்கிறான். பொழுது சாயும்வரை நாயை நிறுத்திவைக்க நங்கையார் செய்த சூழ்ச்சி இது என்று கோன் ஐயமின்றி அறிகிறார். நாற்பது ஆண்டு உறவுக்கு இது அழகன்று. வறுவலை நிறுத்த ஆணை இடுக.

கோன் சொல்லச் சொல்ல மேற்கண்டவாறு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆதன் அதைக் காதில் வாங்கிவிட்டான். இருபது ஆண்டாக முழுநிலா நாளில் இந்த வீட்டில் வரால்தான், இதில் உங்கள் நாய்க்கு என்ன வந்தது என்று சொல்லி, அடுப்பில் நீரைக் கொட்டி அணைத்துவிட்டு, சட்டியோடு வடக்கு வாயில் வழியே வெளியேறினான். சட்டி சூறையின் மூக்கை உரசாத குறையாகப் போயிற்று. சூறை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் மேற்கே இழுத்தது.

மீன் போனது வடக்கே. கயிறு நிற்பது மேற்கே. கோன் கயிற்றின் வழியே பார்வையை ஓட்டினார். கயிற்றின் முனையில் நாய். நாய்மூக்குக்கு நேரே அணைந்த அடுப்பு. அடுப்புக்கு அப்பால் சுவரோரம் அமைச்சர் இன்சொல்லாரின் இடுப்பு. பதினோரு நாளும் அமைச்சர் பின்னால்தான் நடந்தார். நாய் இழுப்பதை விட்டது. முதல் வலத்தன்று முன்னே போனார், இன்று மடைப்பள்ளிக்கு முன்னே போனார். நாயின் ஒழுங்கைப் பன்னிரண்டு நாள் பார்த்தவர், அமைச்சரின் ஒழுங்கை இப்போதுதான் பார்த்தார்.

இடுப்பை அவிழ்க்கச் சொன்னார். வாழைச்சருகில் மடித்த கருவாடு நான்கு துண்டு இருந்தது. நண்பகல் உணவுக்கு வைத்திருந்தேன் என்றார் அமைச்சர். நீர் மீன் தின்னாத நோன்பு எடுத்து ஆறு ஆண்டு ஆயிற்றே என்றான் குடைபிடிப்பவன். அதற்குமேல் தேன் ஒழுகவில்லை.

ஆகவே, தங்கள் வறுவலைப் பற்றி மேலே எழுதிய குற்றச்சாட்டைக் கோன் திரும்பப் பெறுகிறார். ஓலையில் கீறியது அழியாது. அந்த இடம் வரும்போது தாண்டி வாசித்துக்கொள்க. ஆதனிடம் கோன் நேரே சொல்லிக்கொள்வார்.

இனி ஆணை. மடைப்பள்ளியில் நிற்கும் காவலன் இந்த நொடியே வெளியேறுக. அம்மியும் குழவியும் ஒரே நாட்டில் இருப்பதாக. எல்லை மீறிய விலங்கைக் கட்டி அனுப்பச் சொல்லித் தாங்கள் கேட்டபடி, அதைக் கட்டி உப்புச்சாடியருகே ஒப்படைத்திருக்கிறது, பெற்றுக்கொள்க. பெயர் இன்சொல்லார். கட்ட வேறு கயிறு இல்லாமையால் எல்லைக்கயிற்றையே மீன் அரியும் அரிவாள்மணையில் மூன்றாக அறுத்தார்கள். ஒரு முனை கோன் கையிலும் மறு முனை விலங்கின் கழுத்திலும் இருக்கவேண்டும் என்பதே வழக்கம். அவை இரண்டும் அப்படியே இருக்கின்றன. நடுத்துண்டு எங்கே இருக்கவேண்டும் என்று வழக்கத்தில் சொல் இல்லை. அது அமைச்சரின் கைகளில் இருக்கிறது. கயிறு இதற்குமேல் தளர முடியாது. மிச்சக் கற்களை இப்படியே கடக்க உத்தேசம்.

அரக்கு கொண்டுவரவில்லை. ஆதலால் தங்கள் மாவைப் பிசைந்து அதில் முத்திரை பதித்தது. ஓரம் நக்கப்பட்டிருந்தால் போலி என்று கொள்ளற்க. பிடுங்கிய கல் மறுபடி முளைக்காத வரைக்கும், நட்ட கள்ளி தண்ணீர் கேட்காத வரைக்கும் இந்தச் சொல் நிற்பதாக.

இது கோன் ஆணை. இருவர் வாசிப்பதற்குப் பொழுதில்லை. ஒருவர் மட்டும் வாசிக்கக் கேட்டதோடு கோன் நம்பி அனுப்புகிறார். சூறை நாற்பத்திரண்டாம் கல்லைத் தாண்டி, வாசற்படியில் நின்று திரும்பிப் பார்க்கிறது.