சாவி அட்டையில் நான்கு எண்கள்

அண்ணாச்சி,

மழை பிடித்து ஒரு வாரமாகிறது. இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்தபோது தோலும் பூஞ்சையும் கலந்த வாசனை வந்தது. என் கைபேசிக்கு நீங்கள் தைத்துத் தந்த உறை. அதன் மடிப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தேன், நீங்கள் சொன்னபடியே. அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை. எட்டு மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எழுதும் முன் குறிப்பு எடுத்துக்கொள்வது என் பழக்கம். நீங்கள் சிரிப்பீர்கள். இருந்தாலும் இதோ:

1. நமக்குப் பழக்கம் வந்த விதம். சாவி, அதன் அட்டை.
2. என் கணக்கிலிருந்து என்னைக் கேட்காமல் பணம் போனது.
3. மருந்துக் கடைப் படி.
4. பின் நம்பரை நான் மாற்றியது வங்கி சொன்னதால்தான். உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல.
5. வங்கியின் பதில், அது உங்களை வந்து சேராதது.

தாராவியில் இருந்த தோல் பைப் பட்டறையை விற்றுவிட்டு, செம்பூரில் என் எதிர்வீட்டுக்கு நீங்கள் குடிவந்து ஏழு வருடம் இருக்கும். முதல் நாளே கதவைத் தட்டினீர்கள். "சார், ஒரு சுத்தியல் கெடைக்குமா? எங்கிட்ட இருக்கதெல்லாம் தோல் அடிக்கிற சுத்தியல். செவுத்துல அடிச்சா செவுருதான் சிரிக்கும்." என்னைவிட மூன்று வயது இளையவர் நீங்கள். ஆனால் தாராவியிலிருந்து உங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றதால் நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். நான் மாட்டுங்காவில் பிறந்து, ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கடிதப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவன். சுத்தியலை எடுத்துத் தரும்போதே, திருப்பித் தருவீர்களா என்று மனதுக்குள் ஒரு கேள்வி ஓடியது. அரை மணியில் திருப்பித் தந்தீர்கள். கைப்பிடி ஆடிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தும் இருந்தீர்கள்.

உங்கள் மனைவியும் இல்லை, என் மனைவியும் இல்லை. உங்கள் மகள் நவி மும்பை நெருளில், என் மகன் புனேயில். நம் கட்டிடத்தில் தனியாக இருப்பவர்களின் மாற்றுச் சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்கும். காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படித்தான் என் சாவி உங்கள் வீட்டு ஆணிக்குப் போனது. அட்டை ஒன்றைக் கத்தரித்து, வீட்டு எண்ணை எழுதி, நூலில் கட்டிக் கொடுத்தேன்.

பிறகு என் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆயிற்று. காய்கறி, மருந்து, மின்கட்டணம் எல்லாம் நீங்கள்தான். என் கைபேசியை எடுத்துக்கொண்டு போய் அதிலேயே பணம் கட்டிவிட்டு வருவீர்கள். பின் நம்பரை வாயால் சொன்னால் மறந்துபோகும், தனித்தாளில் எழுதினால் தொலைந்துபோகும் என்று யோசித்து, சாவி அட்டையின் பின்பக்கத்தில் அந்த நான்கு எண்களையும் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"ஏன் சார், சாவியையும் பின் நம்பரையும் ஒரே நூல்ல கட்டித் தொங்கவிட்டா, வாற திருடன் உங்களுக்கு நன்றி சொல்லிட்டுல்லா போவான்."

என்னைப் பற்றி நீங்கள் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. கட்டிடத்துச் சுற்றறிக்கையைக் காவலாளி கொண்டுவரும்போதெல்லாம் நான் மூலையில் என் இரண்டு எழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவேன். பார்த்தேன் என்பதற்கு அடையாளம். அலுவலகத்தில் மாலைக்குள் மேசையில் ஒரு தாளும் தங்கக் கூடாது. தங்கினால் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. "எவன் பேப்பர் நீட்டினாலும் ரெண்டெழுத்து போட்டுருதீங்க. உள்ள என்ன எழுதிருக்குன்னு பாக்கவாவது செய்யுதீங்களா சார்?" என்றீர்கள். பார்க்காமல் போடுவேனா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இனி இரண்டாவது. கைபேசிக்கு வரும் வங்கிச் செய்திகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து படிப்பேன். போன மழைக்காலம் முடியும் நேரம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிப் படித்தபோது, மூன்று மாதமாக ஒவ்வொரு மாதமும் அதே நாளில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் போயிருந்தது தெரிந்தது. யாருக்குப் போனது என்ற இடத்தில் ஒரு கடைப் பெயரோ ஆள் பெயரோ இல்லை. கோர்வையில்லாத ஆங்கில எழுத்துகள். நான் வாங்கியது எதுவும் அந்தத் தொகையில் இல்லை. தொகை என்னைப் பயமுறுத்தவில்லை அண்ணாச்சி. நான் இல்லாதபோது யாரோ என் வீட்டுக்குள் வந்து, எதையும் கலைக்காமல், மாதம் ஒருமுறை ஒரே ஒரு பொருளை எடுத்துப் போனதுபோல் இருந்தது.

வங்கிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் மகன் வயதில் பாதி இருக்கும். பரிவாகத்தான் பேசினாள்.

"அங்கிள், பின் நம்பர் வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்லை" என்றேன்.

"முதல்ல பின் மாத்திருங்க. ஃப்ரெண்டு, ரிலேட்டிவ், யாரா இருந்தாலும் சொல்லாதீங்க. பாதி கேஸ்ல தெரிஞ்சவங்கதான் அங்கிள்."

புகார்ப் படிவம் ஒன்று தந்தாள். சம்மதமின்றி எடுக்கப்பட்ட தொகை, தேதி, விவரம். எல்லாவற்றையும் அழகாக நிரப்பினேன். வேறு எவருக்கேனும் பின் தெரியுமா என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதைக் காலியாக விட்டேன். என் வாழ்நாளில் நான் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான். வங்கி சொன்னதால் பின் நம்பரையும் மாற்றினேன். வங்கி எல்லாருக்கும் சொல்வதுதானே.

மருந்துக் கடையில் இரண்டு உயரமான படிகள். என் கால் ஏறாது. குடையோடு கீழே நின்றேன். நீங்கள் என் கைபேசியோடு மேலே போனீர்கள். மாத்திரைகளைக் கடைக்காரர் கட்டி வைத்துவிட்டார். நீங்கள் எண்களை அழுத்தினீர்கள். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினீர்கள். மறுபடியும் தவறு. உங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"காக்கா, பின் யாத் நஹீ க்யா?" என்று, பின் நினைவில்லையா பெரியவரே என இந்தியில் கேட்டார் கடைக்காரர். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "வேற யாரோட போனையும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று ஒரு தமிழ்க் குரல் வேடிக்கையாகக் கேட்டது.

நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். மூன்றாவது முறை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் குடைக் கம்பியைப் பார்த்தேன்.

சட்டைப் பையிலிருந்து உங்கள் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தீர்கள். கைபேசியை உறைக்குள் வைத்து, பொத்தானை அழுத்தி மூடி, என் கையில் தந்தீர்கள்.

"பின் மாத்திட்டீங்களா சார்?"

"ம்."

"நல்லதுதான். காலம் அப்பிடி கெடக்கு. பேங்க்ல சொன்னாங்களாக்கும்?"

"ஆமாம்" என்றேன்.

"பொறவு என்ன. அவங்க சொன்னா கேக்கத்தான் வேணும்." ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினீர்கள். என் முழங்காலில் படாமல் கதவோரம் ஒதுங்கி உட்கார்ந்து வந்தீர்கள். வழியில் மழையைப் பற்றி மட்டும் பேசினோம்.

அதன் பிறகும் தினமும் மாலையில் தேநீருக்கு வந்தீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வராமல் இருந்திருந்தால் கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன். வந்தீர்கள், பேசினீர்கள், பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டீர்கள். ஆனால் மேசையில் என் கைபேசி அடித்தால் முன்போல் எடுத்து நீட்டவில்லை. நான் பணம் கட்டத் தொடங்கினால் எழுந்து ஜன்னல் பக்கம் போய், கீழே குழந்தைகள் விளையாடுவதைப் பார்ப்பதுபோல் எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள். என்னவென்று ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வங்கிப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், உங்க கம்ப்ளைன்ட் பாத்தோம். இது ஆட்டோபே. நீங்களேதான் அப்ரூவ் பண்ணியிருக்கீங்க. உங்க போன்ல, உங்க பின் போட்டு."

காலண்டர் பார்க்க நான் இறக்கிக்கொண்ட செயலி ஒன்று. ராகுகாலம், நல்ல நேரம் காட்டும். முதலில் ஒரு ரூபாய், பிறகு மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ள அனுமதி என்று அது கேட்டிருக்கிறது. ஒருமுறை அனுமதித்துவிட்டால் அதற்குமேல் பின் நம்பர் தேவையில்லையாம். அனுமதித்த நாளையும் நேரத்தையும் சொன்னாள். அன்று உங்கள் பேத்திக்குக் காதுகுத்து. நீங்கள் நெருளில் இருந்தீர்கள். அங்கிருந்து அழைத்து, "சார், மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கால் வலியோடு படுத்திருந்தேன். திரையில் ஒரு கோரிக்கை போகாமல் நின்றுகொண்டே இருந்தது. மேசையில் மாலைக்குள் முடியாத தாள்போல் அது என்னை உறுத்தியது. பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக நான்கு எண்களைப் போட்டு அனுப்பிவிட்டேன். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை.

போன பணம் திரும்பி வருவது கஷ்டம் என்றாள் அந்தப் பெண். நிறுத்தும் வழியையும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு அழுத்தலில் நின்றுவிட்டது.

உடனே எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். எட்டு அடி தூரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இதையெல்லாம் எழுத்தில் தர முடியுமா என்று அவளிடம் கேட்டேன். ஒரு வாரத்தில் கடிதம் வரும் என்றாள். கடிதம் கைக்கு வந்ததும் அதைக் காட்டி முறையாக மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். கேட்க வேண்டிய வாக்கியத்தை நோட்டில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மறுநாள் காலை நீங்கள் பையோடு நின்றீர்கள்.

"நெருளுக்குப் போயிட்டு நாலு நாள்ல வந்துருதேன் சார். பால் பாக்கெட்ட எடுத்து வச்சிருங்க. வந்து பேசுவோம்."

வந்து பேசுவோம் என்பது நீங்கள் எப்போதும் சொல்வதுதான். என் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. கையில் கடிதம் இல்லையே என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை உங்கள் மகள் அழைத்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை என்றாள். புதன்கிழமை வங்கிக் கடிதம் வந்தது.

பத்தாம் நாள் காரியத்துக்கு நெருளுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது உங்கள் மகள் உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தாள்.

"மாமா, இது உங்க சாவியாம்லா. அப்பா பைக்குள்ள இருந்தது. நாலு நாளைக்கு வரும்போதுகூட இத எதுக்குப்பா தூக்கிட்டு அலையுதீங்கன்னு கேட்டேன். சார் ஒத்தையில இருக்காரு, என்னமும் ஒண்ணுன்னா இங்கேருந்து ஓடணும்லான்னு சொன்னாங்க."

வண்டியில் உட்கார்ந்துதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் வீட்டு எண் அப்படியே இருந்தது. பின்பக்கத்து நான்கு எண்களைத் தோலுக்குப் பூசும் கறுப்புச் சாயத்தால் அழித்திருந்தீர்கள். ஓரம் பிசகாத ஒரு சின்னச் சதுரம். நான் மாற்றிவிட்ட, எதற்கும் ஆகாத எண் அது. அதை உட்கார்ந்து அழித்திருக்கிறீர்கள். சாவியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதுவரை எழுதிவிட்டு, கிழமைகள் சரியா என்று பார்க்க என் நாட்குறிப்பை எடுத்தேன். எதையும் சரிபார்க்காமல் கடித உறையில் போடுவதில்லை நான். அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. செவ்வாய், பிற்பகல்: பின் நம்பர் மாற்றினேன். புதன்: மருந்துக் கடை. வியாழன்: வங்கி.

அதாவது, வங்கிப் பெண் எனக்கு எதையும் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே நான் மாற்றிவிட்டேன். மருந்துக் கடைப் படியில் நீங்கள் கேட்டபோது நான் வங்கிப் பக்கமே போயிருக்கவில்லை. எட்டு மாதமாக வரிசையை மாற்றி நினைத்து நினைத்து அதுவே உண்மை என்று நம்பியிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கோர்வையில்லாத எழுத்துகளைப் பார்த்ததும் என் மனம் முதலில் போனது உங்கள் வீட்டு ஆணிக்குத்தான்.

உறையைத் துடைத்துக் கைபேசியை அதற்குள் வைத்துவிட்டேன். இனி வெளியே போனால் அதில்தான் போகும். சாவியும் அட்டையோடு அதற்குள் இருக்கிறது. எதிர்வீட்டில் புதிதாக வந்திருப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லி மகன் சொல்கிறான். இன்னும் கொடுக்கவில்லை. இவற்றோடு, படியில் நின்று உங்களிடம் சொன்ன அந்த "ஆமாம்" என்ற ஒரு சொல்லும் என்னிடம் இருக்கிறது.

மேலே நான்காவதாக எழுதியது தவறு, அண்ணாச்சி.