கரடிக் குரலே எங்களுக்குப் போதும்

யாம்போல், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஒக்னியன்,

நானும் அப்பாவும் உன் தங்கை ரலிட்சாவும் நலமாக இருக்கிறோம், டப்ளின் மழையில் நீ தலையைத் துவட்டிக்கொள்கிறாயா? என் கையெல்லாம் மாவு, அதனால் நான் சொல்ல ரலிட்சா எழுதுகிறாள், நான் சொல்வதைத் திருத்தாதே என்றும் சொல்லியிருக்கிறேன். செர்ரி இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. நீ அனுப்பிய மென்பொருளைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டோம், கோபித்துக்கொண்டாலும் திரும்பப் போட மாட்டோம். பாட்டை மெதுவாக்கினாலும் சுருதி இறங்காது என்று நீ சொன்னது உண்மைதான், ரலிட்சாவும் இசைப்பள்ளித் தேர்வுக்காக ருசெனிட்சா ஆட்டப் பாட்டை அதில் மெதுவாக ஓடவிட்டு ஒரு மாதம் தன் கதுல்கா பிடிலில் வில் போட்டுப் பழகினாள். போன வாரம் சமையலறையில் அவள் வாசிக்க நான் ஆடினேன், மூன்றாவது அடியில் கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே அடுத்த தட்டு விழுந்துவிட்டது. உன் அப்பா, "உனக்கு வயசாயிடுச்சு நெவெனா" என்று சிரித்தார். எனக்கா வயது? குட்டை, குட்டை, நெட்டை என்று வரவேண்டிய தட்டுகளில், நெட்டையை வாசித்தவரின் பிழை என்று நினைத்து மூன்றையும் சமமாக வெட்டிவைத்திருக்கிறது உன் மென்பொருள். (அண்ணா, இது ரலிட்சா. தாளத்தைச் சீராக்கும் வசதி அதில் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பார்த்தேன், வில் திரும்பும் ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழம்பியது.) இப்போது பழைய மென்பொருள் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள், பாதி வேகத்தில் கதுல்கா ஒரு ஸ்தாயி இறங்கிக் கரடியாக உறுமுகிறது, ஆனால் அதே ஸ்வரங்கள், நெட்டைத் தட்டும் நெட்டையாகவே இருக்கிறது. ஆசிரியர் ஸ்டானிமிருக்குத்தான் பயம், கைக்குப் பழகிப்போனது தேர்வுக்குள் மாறாது, வேறு சமதாளப் பாட்டை வாசிக்கட்டும், இல்லையென்றால் இடம் போய்விடும் என்றார். உன் தங்கை நிமிர்ந்து பார்த்து, "தப்பா கத்துக்கிட்டது ஒரு மாசந்தான் சார், அம்மா ஆடுறதைப் பொறந்ததுலேருந்து பாக்குறேன்" என்றாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் கரடி உறுமுகிறது, நான் ஆடுகிறேன், உன் அப்பா மேசையைத் தட்டுகிறார், கீழ்வீட்டுக்காரர் அடியிலிருந்து தன் கூரையைத் தட்டுகிறார், அதுவும் சமதாளத்தில். தட்டட்டும்.

வியாழக்கிழமை தேர்வு. எல்லாம் தண்ணீராய் ஓடட்டும் என்று வாசலில் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்பிவிட்டு நானும் பின்னாலேயே போவேன், கதவுக்கு வெளியே நின்று ஆடுவேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம். நீயும் அன்று காலை உன் அறையில் எழுந்து ஆடு, நேரத்துக்குச் சாப்பிடு, கடவுள் உன்னைக் காக்கட்டும். மூன்றாவது அடியில் மட்டும் அவசரப்படாதே.

உன் அம்மா,
நெவெனா