மாங்காவின் துணைக்கால்

செவ்வாய்க்கிழமை, இரவு.

நெடிய யோசனைக்குப் பின் போன வாரம் 'மாங்கா'வின் முதல் துணைக்காலை நீக்குவது என்று முடிவெடுத்தேன். ஜப்பானியப் படக்கதையை நம் சிற்றிதழ் இனி 'மங்கா' என்றே எழுதும். காயைப் பற்றிய கட்டுரை என்று நம்பி யாரும் ஏமாறக் கூடாது.

கணினியில் வாசகரே கதையின் போக்கைத் தேர்ந்தெடுக்கும் காட்சி நாவல் ஒன்று மங்காவாகித் தொடராக வந்தது. அது வந்த மாத இதழ் பாதியில் நின்றது. மிச்சம் வேறோர் இதழில் வந்தது. இந்த வரலாறுதான் என் கட்டுரை. முதல் பகுதி, அந்த மாத இதழ் நின்ற இடத்தில் முடிகிறது.

புதுக்கோட்டை அச்சகத்தில் பக்கம் அமைக்கும் செல்வி, "ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்திடுறேன் சார்" என்றார். மாற்றிவிட்டார். இன்று இதழ் வந்தது. பின்னட்டையில் விராலிமலை ஊறுகாய்க்காரரின் விளம்பரம்: 'மங்காய் ஊறுகாய்'. இதழ் நடப்பதே அந்த விளம்பரத்தால்தான்.

மாலையில் அவரே ஃபோன் செய்தார்.

"மங்காய்னா, நீ ஒளி குன்ற மாட்டாய்னு அர்த்தங்க. வாழ்த்துதான்" என்றேன்.

"அந்த வாழ்த்த நீங்களே வச்சுக்கங்க சார். இனிமே ஒங்களுக்கு வெளம்பரம் கெடையாது."

என் கட்டுரையின் கீழே 'தொடரும்' என்று போட்டிருக்கிறது.