வராதவர்கள் பட்டியல்

3.6.1996, திங்கள்
கம்பெனியில் கையெழுத்து நோட்டை எடுத்துவிட்டார்கள். இனி கார்டு. ஐந்து கதவுகளிலிருந்தும் கேபிள் இழுத்து என் மேசைக் கம்ப்யூட்டரில் சேர்த்திருக்கிறார்கள். கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கும். யார், எத்தனை மணிக்கு என்று திரையில் விழும். டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு எழுதிவந்த இந்த யூனிஸுக்கு இனி பிரிண்ட் எடுப்பதுதான் வேலை.

4.6
குரோம்பேட்டையில் ரயில் நின்றது. வேறு விசேஷமில்லை.

12.6
பேக்கிங் செக்‌ஷன் தபீதாள் பல்லாவரத்தில் என் பெட்டியில் ஏறுவாள். எட்டு வருஷப் பழக்கம். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஒன்றாக நடப்போம். நான் கார்டைத் தேய்த்துக் கதவைப் பிடித்துக்கொள்வேன், அவள் தன் கார்டைத் தேய்க்காமலே நுழைந்துவிடுவாள். பின்னால் வருகிறவள் முகத்தில் கதவைச் சாத்தவா முடியும்?

1.7, திங்கள்
மாதப் பட்டியல் மானேஜர் வில்பிரட் சாரிடம் போனது. தபீதாள் பத்தொன்பது நாள் 'வரவில்லை'. தினமும் பிரிண்ட் எடுத்தேனே, ஒரு நாளாவது படித்தேனா?

"ஆளைக் குறைன்னு மேல சொல்லிட்டே இருக்காங்க. கம்ப்யூட்டரே பேரைச் சொல்லிடுச்சு" என்றார் சார்.

என்னோடுதான் வந்தாள் என்று வாய்வரை வந்தது. ஒரு கார்டுக்கு ஓர் ஆள். மீறினால் இருவருக்கும் வேலை போகும் — அந்தச் சுற்றறிக்கையை டைப் அடித்ததே நான். விழுங்கிவிட்டேன்.

2.7
விசாரணை. குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

"கதவு தொறந்து இருந்துச்சு சார், வந்தேன்."

"யார் திறந்தது?"

"தெரியாது சார்."

தபீதாள் என் பக்கம் பார்க்கவே இல்லை. 'தெரியாது' என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே விழுந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கு என்னதான் ஆச்சு?

3.7
ரயிலில் வழக்கம்போல் பேசினாள். "வார்னிங் குடுத்து வுட்ருவாங்க யக்கா. ரெண்டு பேரும் ஏன் பேஜாராவணும்?"

நான் வெட்கப்பட்டேன்.

5.7, வெள்ளி
மாலை ஐந்தரைக்கு, எல்லாரும் போனபிறகு, சார் அவள் கார்டு எண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். வேலைநீக்கக் கடிதம் தபாலில் போகிறதாம். 142. அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அடித்தேன். எல்லாக் கதவுக்கும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் கேட்டில் வாட்ச்மேன் சுந்தர்சிங் அண்ணன் தடுக்கவேண்டும். தடுக்குமுன் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார்.

6.7
சனிக்கிழமை. பேக்கிங்குக்கு விடுமுறை, ஆபீஸ் மட்டும் உண்டு. லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை.

8.7, திங்கள்
முந்தின ரயிலைப் பிடித்துவிட்டேன்.

எட்டரைக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தபீதாள், சாப்பாட்டுக் கூடையோடு. கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை. கார்டைத் தேய்க்கிறாள், துடைத்துத் துடைத்துத் தேய்க்கிறாள். சிவப்பு விளக்கு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"யக்கா, தொறக்க மாட்டேங்குது! நீ கொஞ்சம் தொறயேன்!"

உள்ளேயிருந்து திறக்கக் கார்டு வேண்டாம். சுவரில் ஒரு பொத்தான், அழுத்தினால் போதும்.

மேசைக்குத் திரும்பி வந்தேன். திரையில் ஏழு தடவை 142. பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன்.