குரவையூர் மடையும் புதிய பட்டமும்

மங்கலம் பொலிக! மூன்று கடலும் கைகட்டி நிற்க, ஏழு மலையும் ஏவல் கேட்க, எண்டிசையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், இன்று காலை அவையில் இருமுறை கொட்டாவி விட்டருளியவருமான மருவநாட்டு மன்னர் விசயதுங்கரின் ஆணைப்படி, ஓலைநாயகம் ஆதிச்சன் குரவையூர் ஏரி வாரியத்தாருக்கு எழுதுவது. உங்கள் ஊரும் உழவும், கன்றும் காலியும் நலம் பெறுக.

உங்கள் ஊர் உழத்தி காரிநங்கை முறையிட வந்தாள். கரையில் நாட்டிய கல்லொன்று சரிந்து மடைவாயை அடைத்துக்கொள்ள, மேலே ஏரி தளும்புகிறது, கீழே கதிர்விடும் சம்பா கருகுகிறது என்பது அவள் குறை. நம் அவை மரபை நீங்கள் அறிவீர்கள். முறையிடுவோர் முதலில் மன்னரின் பட்டங்களைப் பாடவேண்டும். பட்டங்கள் முடியும்வரை மன்னர் விழித்திருப்பார். குறை தொடங்கியதும் கண்ணயர்வார். சென்றமுறை அவள் குறையைக் கேட்டவை தூண்கள்தாம்.

இம்முறை வாயிலில் காத்திருக்கையில், "ஐயா, ராசா தூங்குறதுக்கு முன்னால என் பயிரைப் பத்திச் சொல்ல வழியே இல்லையா?" என்றாள். மரபில் இடமில்லை என்றோம். "பட்டத்துல இடம் இருக்குமே" என்றாள். நாம் செவிடர்போல் மேற்கூரையைப் பார்த்தோம்.

அவையேறியவள் கணீரென்று பாடினாள்: பகைவரைப் புறங்கண்டவரே, பாவலர் பசி தீர்த்தவரே, குரவையூர் மடைக்கல்லைப் பெயர்த்துச் சம்பாவைக் காத்தவரே, ஏரிக்கரையில் இனி எவரும் கல் நாட்டலாகாதென்று நாடெங்கும் ஆணையிட்டவரே!

மன்னர் மீசையை நீவினார். "இவ்வருஞ்செயலை நாம் எப்போது செய்தோம்?" என்று வினவியருளினார். பட்டத்தை மறுத்தால் அரசநிந்தை, ஒப்பினால் பொய். நாளை செய்யவிருப்பதை இன்றே பாடியிருக்கிறாள், பெருமானே என்று பணிந்தோம். மன்னர் மனமகிழ்ந்து பட்டத்தை ஏற்று, உடனே துயில்கொண்டார்.

ஆகவே பட்டம் பொய்யாகாதபடி, ஓலை கண்டவுடன் எருதுகளைப் பூட்டிக் கல்லை இழுத்து மடையைத் திறக்கக் கடவீர். கரையில் கல் நாட்டும் வழக்கம் நாடெங்கும் இன்றோடு நின்றது. இழுக்கையில் எழுத்துள்ள பக்கம் தரையைப் பார்க்கட்டும், வழிப்போக்கர் படிக்கலாகாது. இது ஆணை, மீன் முத்திரை வைத்தோம்.

அது, "வற்றாத நீர் வழங்கிய வள்ளல்" என்று பொறித்து, சென்ற மழைக்குமுன் நம் மன்னர் நாட்டிய கல்.