முனி வளைவில் யாரும் இறங்க வேண்டாம்

நேற்று மாலை உங்கள் மகள் வந்திருந்தாள். பழைய வேனைப் பிரித்து விற்றுவிட்டார்களாம். "அப்பா இருந்தா இத ஒங்ககிட்டதான் குடுத்திருப்பாரு டீச்சர்" என்று செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள். பிரித்ததும் அறை முழுக்க டீசல் வாசனை. எஞ்சினுக்குள் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் உள்ளங்கையளவு பூஸ்ட் மீட்டர். கண்ணாடியில் பத்தாம் எண்ணுக்கு மேல் நான் என் தங்கையின் நகப்பூச்சால் போட்ட சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. முள் சைபரில் நிற்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது; உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

நம் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏறும் பாதையில் முனியாண்டி சாமியின் கல் இருக்கும் வளைவு உங்களுக்கு நினைவில்லாமலா போகும்? ஆட்கள் நிறைந்தால் உங்கள் வேன் அங்கே முக்கி முனகி நின்றுவிடும். அதனால் வளைவு வந்ததும் எல்லோரும் இறங்கி நடப்பது வழக்கமாகிவிட்டது. வேன் வெறுமையாக ஏறி, மேலே சமதரையில் காத்திருக்கும். நானும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல வருஷம் அப்படி நடந்தே பள்ளிக்கூடம் போனேன்.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு நம் பிள்ளைகள் அந்த மலையைத் தாண்டித்தான் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்த வருஷம் வளைவில் இறங்கிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கணக்கில் என் நம்பிக்கையான சாந்தி தொப்பலாக நனைந்து, விரல்கள் விறைத்து, முதல் அரை மணி நேரம் பேனாவைப் பிடிக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தேறவில்லை. பெறுபேறு வந்த அன்று நீங்கள் வேனின் முன்சக்கரத்தை ஒரு உதை உதைத்தீர்கள்.

"அடுத்த வருசம் ஒரு புள்ளயகூட அங்க எறக்க மாட்டேன் டீச்சர். சாந்தியும் திரும்ப எழுதட்டும். இந்த எஞ்சினுக்கு ஏதாச்சும் செஞ்சே ஆகணும்."

இரத்தினபுரியில் சிங்களவரான மெக்கானிக் பாஸிடம் போனோம். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, டர்போ கம்பியில் இரண்டு சுற்று, டீசல் பம்பில் ஒரு சுற்று, வேன் ரொக்கெட் மாதிரிப் போகும் என்றார். "பய வென்ன எப்பா, டீச்சர்!" என்று பயப்படாமலிருக்க எனக்கு வேறு தைரியம் சொன்னார். எனக்குப் பயம்தான். அது பழைய எஞ்சின். அழுத்தம் தாங்காமல் ஹெட் கேஸ்கட் கிழிந்து எஞ்சின் படுத்துவிட்டால், வளைவில் நடக்கிற கதை மாறி, மலை முழுவதையும் நடக்கிற கதையாகிவிடும். அடுத்த பரீட்சைக்குப் போக வேண்டிய பதினொரு பிள்ளைகளுக்கு வேறு வேன் கிடையாது.

"ஒரே நாளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் உட்கார வைப்பதா? முதலில் இருக்கிறதைச் சோதிப்போம்" என்றேன். பாஸுக்கு நீங்கள் அதைச் சிங்களத்தில் சொன்னீர்கள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு மீட்டர்களை எடுத்துக் கொடுத்தார். ஒன்று டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு, மற்றது புகைக்குழாயின் சூட்டுக்கு. எந்தச் சூட்டைத் தாண்டக்கூடாது, எந்த அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அழுத்தத்துக்குப் பத்து. அங்கேதான் நான் கோடு போட்டேன்.

மீட்டர்களை வேனில் பூட்டிப் பார்த்தால், கம்பனி எட்டு வரை போகும்படி செய்து அனுப்பிய முள் ஐந்துக்கு மேல் ஏறவில்லை. டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினோம். மடிப்புக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வந்தது. "இத்தன வருசமா பாதிக் காத்த முனிக்கே படைச்சிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். குழாயை மாற்றி, காற்று வடிகட்டியையும் புதிதாகப் போட்டதும், ஒரு நட்டைக்கூடத் தொடாமல் முள் எட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் கம்பியில் கை வைத்தோம். காற்று போதுமான அளவுக்கு வந்ததும் புகைவழியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து டர்போவை அடக்குவது அந்தக் கம்பியின் வேலை. அதைச் சற்றுக் குட்டையாக்கினால் கதவு தாமதித்துத் திறக்கும், காற்று கூடும். அரைச் சுற்று திருகுவது, ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, அழுத்தத்தையும் சூட்டையும் என் கொப்பியில் குறிப்பது, பிறகு அடுத்த அரைச் சுற்று. "டீச்சர் எஞ்சினுக்கும் தவணைப் பரீட்ச வைக்கிறாங்க" என்று கடையில் எல்லோரிடமும் சொன்னீர்கள்.

முள் ஒன்பதைத் தொட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போனோம். நான் முன்சீட்டில் கொப்பியுடன். வளைவில் வேன் நடைவேகத்துக்கு வந்தது, முதல் கியர் போட்டீர்கள், பிறகு பஞ்சு போல ஏறியது பாருங்கள்! "ஏறிருச்சு டீச்சர்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினீர்கள். எனக்கு மட்டும் ஒரு குழப்பம். முள் நான்கில்தான் இருந்தது. சுமை ஏறினால் அல்லவா அழுத்தம் ஏற வேண்டும்? திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு ஆள் இல்லை. கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் பழக்கதோஷத்தில் வளைவில் இறங்கி, பேசிக்கொண்டே நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏன் ஆத்தா எறங்குனீங்க? ஒங்கள ஏத்திப் பாக்கத்தானே கூட்டியாந்தேன்!" என்று பேச்சியம்மாவிடம் கத்தினீர்கள். கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வுபெற்று, வளைவுக்கு மேலுள்ள லயத்து வரிசை வீடொன்றில் இருந்தவர் அவர்.

"அடப் போய்யா! முனி முன்னுக்கு குந்திக்கிட்டே போனா வெளங்குமா? இத்தன வருசமா அவருக்குத்தானே எறங்குறோம்."

"முனிக்கா? ஏன் வண்டிக்கு ஏலாமத்தானே எறங்குனீங்க!"

"ஒன் வண்டிக்கு ஏலாமப் பண்ணதே அவருதான்."

நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். எனக்குத்தான் ஒன்று தோன்றியது. நீங்கள் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று மேலே போய் நின்றதுமே எஞ்சினை நிறுத்துவீர்கள். ஏறி வந்த டர்போ நெருப்பாய்ச் சுழன்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் ஓட்டம் நின்றால், உள்ளிருக்கும் எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள் என்று பாஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீங்கள் கேட்டால்தானே!

"வளைவில் இறங்க வேண்டாம் ஆத்தா. மேலே போய் நிறுத்துவோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிஷம் எல்லோரும் முனியைத் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவோம்" என்றேன்.

பேச்சியம்மா யோசித்தார். "எஞ்சின நிப்பாட்டக் கூடாது. அது அவருக்கு மேளம் மாதிரி" என்று தன் பங்குக்கு ஒரு நிபந்தனையும் போட்டார். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேரும் இறங்காமல் ஏறினோம். ஏறியது, ஆனால் மூச்சுத் திணறி. பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பொறுமையிழந்து என்னிடம் சொல்லாமல் டீசல் பம்பில் முழுச் சுற்றுத் திருகிவிட்டீர்கள். மறுநாள் காலை வளைவில் கிளம்பிய கரும்புகை நேராகப் பேச்சியம்மா வீட்டுக் கொடியில் போய்ப் படிந்தது.

"கட்டையில போறவனே! வெள்ளச் சீல கரிச்சட்டியாப் போச்சே! வந்து தோச்சிட்டுப் போடா!"

சூட்டு மீட்டரின் முள் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுக்கச் சொன்னேன். மேலே இரண்டு நிமிஷம் ஆனதும், "வீட்டு அடுப்பை நினைத்துப் பாருங்கள். ஊதாங்குழலால் ஊதுவது டர்போ, விறகு டீசல். ஊதுகிற காற்றுக்கு மேல் விறகைத் திணித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"பொகையும்" என்றீர்கள், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "சீலையும் தோய்க்கணும்."

தோய்த்தும் கொடுத்தீர்கள். திருகியதைத் திரும்ப எடுத்து, கால் சுற்று மட்டும் விட்டோம். புகை இல்லை, சூடும் அடங்கியிருந்தது, திணறலும் போய்விட்டது.

பரீட்சையன்று மழை இல்லாமல் இருக்குமா? பதினொரு பிள்ளைகள், சாந்தியோடு பன்னிரண்டு பேர், அனுமதி அட்டைகளைப் பொலித்தீன் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வளைவு வந்ததும் சாந்தியின் கை தானாகக் கதவுக்குப் போனது. "குந்து பிள்ள!" என்றீர்கள் திரும்பாமல். முள் ஏழு, எட்டு, ஒன்பது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்நுனி கீழே போய் அசையாமல் நின்றது. சில்லுகள் ஒரு முறை சேற்றில் வழுக்கிப் பிடித்தன. பிறகு மழைக்குள் அந்தச் சமதரை தெரிந்தது.

"சன்னலுக்குள்ள இருந்தே கும்பிடுங்க. நனஞ்சிட்டு வாங்கன்னு முனி கேக்க மாட்டாரு" என்றீர்கள். எஞ்சின் மெல்ல ஓடியது. பன்னிரண்டு பேரும் உலர்ந்த கைகளைக் குவித்தார்கள். நீங்கள் மீட்டரைப் பார்த்துக் கும்பிட்டதை நான் கவனித்தேன். அந்த முறை சாந்தி கணக்கில் தேறினாள். இன்று அவளும் டீச்சர்.

இன்று காலை உங்கள் மகளுடன் அவளுடைய புது வேனில் மேல் டிவிஷன் வரை போய் வந்தேன். புது எஞ்சின், தார் போட்ட பாதை. வளைவு வந்ததே தெரியவில்லை. ஆனாலும் மேலே சமதரையில் வேனை நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்த பயணிகள் இறங்கிக் கல்லைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த முச்சக்கர வண்டியும் நின்றது.

"எஞ்சினை நிறுத்தவில்லையா?" என்று கேட்டேன்.

"ஐயோ, நிப்பாட்டக் கூடாது டீச்சர். முனிக்கு ரெண்டு நிமிசம் எஞ்சின் ஓடணும். அது அந்தக் காலத்துல இருந்தே உள்ள வழக்கமாம்."

நாற்பது வருஷம் எதையும் விளக்காமல் விட்டதில்லை நான். இதை மட்டும் விட்டுவிட்டேன். கைப்பையிலிருந்த மீட்டரைத் தொட்டுக்கொண்டு, அந்த இரண்டு நிமிஷமும் கும்பிட்டு நின்றேன். முனியை இல்லை, உங்களை.