பெயர் போட்ட படிவம்

ஈசால்மி, பின்லாந்து
4 பிப்ரவரி 2014

மேஜருக்கு,

இல்பொ என்று கூப்பிடச் சொல்லிப் பதின்மூன்று வருஷமாகிறது. வாய் இன்னும் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பால் ஆலையைச் சீரமைக்க ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வருகிறாராம். அது நீங்கள்தான் என்று நேற்றுக் காபி நேரத்தில் கேள்விப்பட்டேன். நான் மேற்பார்க்கும் வெண்ணெய்ப் பிரிவை மூடப்போகிறார்கள் என்று வதந்தி. பத்தொன்பது பேர் இருக்கிறோம். ஹன்னுவும் இங்கேதான், ராணுவத்தில் உங்கள் உத்தரவில் உறைந்த ஏரி மேல் போய், பனிக்கட்டி உடைந்து வண்டியோடு விழுந்து, குளிரில் மூன்று விரலை இழந்தானே, அவன்தான். "அவரா? மறுபடியும் நம்ம கருத்தக் கேப்பாரு பாரு!" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், முடிவாகிவிட்டதா? மின்னஞ்சல் யார் கண்ணிலாவது படும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பழைய சார்ஜென்ட்,
தூரே

ஹெல்சிங்கி
10 பிப்ரவரி

அன்புள்ள தூரே,

எதுவும் முடிவாகவில்லை. முதலில் ஆலையில் எல்லோருக்கும் கருத்துக் கேட்டு ஒரு படிவம் வரும், பெயர் போட வேண்டாம். ராணுவப் பயிற்சி முடிவில் அதிகாரியைப் பற்றி நீங்கள் எழுதித் தருவீர்களே, அதே படிவம்தான். ஏரி விபத்துக்குப் பிறகு ஒருவன் என்னைப் பற்றி எழுதியிருந்தான்: "கேட்கிறார். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்கிறார்." ஆட்களின் பேச்சைக் கேட்டு ஆலைகளைச் சீரமைக்கும் இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்தது அந்த வரிதான். மேலாளர்களுக்கு எடுக்கும் ஒவ்வொரு வகுப்பையும் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

பயப்படாதே. மனம் விட்டு எழுதச் சொல்.

இல்பொ

ஈசால்மி
26 பிப்ரவரி

மேஜருக்கு,

ஆலை முழுவதுக்குமான நூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் இன்று உங்களுக்குத் தபாலில் போயின. ஒன்றைத் தவிர எல்லாம் வெற்றுத்தாள். "பேரு இல்லேன்னா என்ன, கையெழுத்து நம்மளோடதுதானே?" என்கிறார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை.

எழுதியது நான் மட்டும்தான், பெயரும் போட்டிருக்கிறேன். அந்த வரி உங்களுக்குப் பழக்கமானதுதான். அன்று எழுதியவனும் நானே. ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்துப் பார்த்து, நாணல் பக்கம் மெல்லிசு என்றேன். எல்லோரையும் கேட்டீர்கள், நன்றி சொன்னீர்கள், பிறகு நாணல் பக்கமே ஹன்னுவின் வண்டியை முன்னால் விடச் சொன்னீர்கள்.

இத்தனை வருஷம் சொல்லப் பயம். இப்போதும் பயம்தான். ஆனால் இந்த வேலை போனால் ஹன்னுவை எவன் வேலைக்கு எடுப்பான்?

தூரே கார்ப்பினென்

ஹெல்சிங்கி
3 மார்ச்

தூரே,

உன் படிவம் இன்று வந்தது. என் அறிக்கை வெள்ளிக்கிழமையே இயக்குநர்களுக்குப் போய்விட்டது, வெண்ணெய்ப் பிரிவை மூடச் சொல்லி. முடிவாகவில்லை என்று உனக்கு எழுதியபோதே பாதி எழுதி வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

13ஆம் தேதி ஆலையில் இயக்குநர் கூட்டம். யாரையும் கேட்காமல் எழுதிய அறிக்கை, செல்லாது என்று நானே சொல்லப்போகிறேன். ஏற்பார்களா, தெரியாது. அந்தப் பிரிவைப் பற்றி உனக்கும் ஹன்னுவுக்கும் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. கூட்டத்தில் உங்கள் இருவருக்கும் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறேன். வருவீர்களா?

இல்பொ

ஈசால்மி
6 மார்ச்

இல்பொ,

வருகிறோம். ஹன்னு ஒன்று கேட்கச் சொன்னான்:

"வர்றேன். ஆனா இந்தத் தடவ முன்னால போறது யாரு?"

தூரே